வீட்டுக் கணினிக்கு ஒரு திறப்பு

பிறர் வீட்டினுள் அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்பது சூரா அந்நூரின் 27ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கமாகும். இன்று நமது வீடுகளுக்குத் தெருவை நோக்கிய வாசலோடு இணையத்தை நோக்கிய வாசல் ஒன்றும் இருக்கிறது. அந்த வாசலில் நிற்பது ரவுட்டர்.

எங்கள் நானா பேராதனையில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். அவருடைய பாடக் கோப்புகள் வீட்டுக் கணினியில் உள்ளன. அதே கணினியில்தான் வாப்பாவின் கடைக் கணக்கும், வெளியார் கண்ணில் படக்கூடாத எங்கள் குடும்பப் படங்களும் இருக்கின்றன. விடுதியிலிருந்தே கோப்புகளை எடுக்க நானா வழி கேட்டபோது, "அவர் மட்டுந்தான் வரணும் மகள், வேற ஒருத்தரும் வரக்கூடாது" என்றார் வாப்பா. அந்த நிபந்தனையை நிறைவேற்றும் வழியை நான் தேடினேன்.

வீட்டுக் கணினிக்கு 192.168.1.20 போன்றதோர் உள்முகவரி இருக்கும். அது வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியிலிருப்போருக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரியே. உள்ளிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் தொடர்பை ரவுட்டர் வழமையாகத் தடுத்துவிடும். வெளியிலிருந்து வர வேண்டுமாயின், "போர்ட்" எனப்படும் எண்ணிட்ட கதவுகளுள் ஒன்றை நாமே திறந்துவிட வேண்டும்.

விண்டோஸின் தொலைத்திரை வசதிக்குரிய 3389ஆம் கதவைத் திறந்துவிடுவது இலகுவான வழி. ஆனால் திறந்த கதவுகளைத் தேடி இணையத்தை இரவு பகலாகத் துழாவும் நிரல்கள் உள்ளன. அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். கடவுச்சொல் இல்லாமலேயே நுழையக்கூடிய ஓட்டையொன்று விண்டோஸின் பழைய பதிப்புகளில் இருப்பது 2019 மே மாதம் வெளியானது. ஆதரவு நிறுத்தப்பட்டிருந்த எக்ஸ்பி பதிப்புக்கும் மைக்ரோசொப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது.

ஆகவே நான் தெரிவுசெய்தது "வயர்கார்ட்" என்னும் இலவச மென்பொருள். ஜேசன் டொனன்ஃபெல்ட் உருவாக்கிய இது, 2020இல் லினக்ஸ் கருவின் 5.6ஆம் பதிப்பில் இணைக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு கருவிக்கும் இரு திறப்புகள் உண்டு. இரகசியத் திறப்பு அந்தக் கருவியை விட்டு வெளியேறக் கூடாது. பகிரங்கத் திறப்பை மறுபக்கத்துக்குக் கொடுக்கலாம். பட்டியலில் இல்லாத ஒருவர் தட்டினால் வயர்கார்ட் பதிலே அளிக்காது. அங்கே கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை இவை. முதலில் ரவுட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணினியையும் ரவுட்டரையும் இற்றைப்படுத்துங்கள். கணினிக்கு மாறாத உள்முகவரியொன்றை ஒதுக்குங்கள். இரு கருவிகளிலும் வயர்கார்டை நிறுவி, பகிரங்கத் திறப்புகளைப் பரிமாறிக்கொள்ளுங்கள். ரவுட்டரில் யூ.டி.பி. வகையிலான 51820ஆம் கதவை மட்டும் அந்தக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள். பின்னர் கைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டா மூலம் சோதித்துப் பாருங்கள். ரவுட்டரின் வெளிமுகவரி அடிக்கடி மாறுமாயின், மாறாத பெயரொன்றை அதனுடன் இணைக்கும் "டைனமிக் டி.என்.எஸ்." சேவை தேவைப்படும்.

பல 4ஜி இணைப்புகளில் இது வேலை செய்யாது. அங்கு பல வீடுகள் ஒரே வெளிமுகவரியைப் பகிர்வதே காரணம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் உங்கள் இணைப்பு அவ்வகையானது. அப்போது வயர்கார்டை அடிப்படையாகக் கொண்ட "டெயில்ஸ்கேல்" போன்ற சேவை உதவும். அதற்கு ரவுட்டரில் கதவு திறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு அவசியம்.

கருவி தொலைந்தாலோ திருத்தக் கொடுத்தாலோ, அதன் பகிரங்கத் திறப்பை வீட்டுக் கணினியின் பட்டியலிலிருந்து நீக்குங்கள். மற்றவர்களின் திறப்புகளுக்கு எதுவும் ஆகாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வங்கியிலிருந்து பேசுவதாகவோ கணினியைத் திருத்துவதாகவோ கூறி, ஒரு செயலியை நிறுவச் சொல்லி, அதில் தோன்றும் எண்ணைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணும் ஒரு திறப்புத்தான். நாமே உள்ளிருந்து கொடுத்துவிட்டால் எந்த ரவுட்டராலும் தடுக்க முடியாது. அத்தகைய அழைப்பைத் துண்டித்துவிட்டு, முதலில் வீட்டிலுள்ள பிள்ளையிடம் கேளுங்கள்.