இத்தாலிய இசைச் சொற்களும் இயல்பான ஆங்கிலமும்

பியானோ, வயலின் பழகும் பிள்ளைகளின் கொப்பியைத் திறந்து பாருங்கள். இடப்புறம் இத்தாலியச் சொற்களும் வலப்புறம் அவற்றுக்கு ஆங்கிலச் சொற்களுமாக ஒரு பட்டியல் இருக்கும். கோட்பாட்டுப் பரீட்சைக்கென அதை நெட்டுருப் பண்ணுகிறார்கள், புள்ளியும் கிடைக்கிறது. ஆனால் வாத்தியத்தின் முன் அமர்ந்ததும் அதே பட்டியல் சிலவேளை பிள்ளையை வழிதவறச் செய்துவிடுகிறது.

'அந்தாந்தே' என்பதற்குப் பல கொப்பிகளில் 'ஸ்லோ' என்றே எழுதியிருக்கும். இத்தாலிய மொழியிலோ அது 'போதல்' என்னும் வினையிலிருந்து வந்த சொல். நடந்துகொண்டிருப்பது என்பதே அதன் கருத்து. 'பியூ' என்றால் 'மேலும்'. அப்படியானால் 'பியூ அந்தாந்தே' என்று வந்தால் என்ன செய்வது? பட்டியலை நம்பிய பிள்ளை இன்னும் மெதுவாக இழுக்கும். பிராம்ஸ் என்பவரின் முதலாம் சிம்பொனி 1876இல் அரங்கேறியது. அதன் இறுதிப் பகுதி மிக ஆறுதலான 'அதாஜோ'வில் தொடங்கி, கொம்பு வாத்தியம் புகும் இடத்தில் 'பியூ அந்தாந்தே' ஆகிறது. அங்கே இசை தளரவில்லை. நடையை எட்டி வைக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் 'மூவிங் ஓன்' என்று எழுதுவதே பொருந்தும்.

'அந்தாந்தினோ' இன்னும் சிக்கலானது. அது அந்தாந்தேயிலும் விரைவா, மெதுவா என்று பெரிய வித்துவான்களே தடுமாறினார்கள். எடின்பரோவிலிருந்த ஜோர்ஜ் தொம்சன் ஸ்கொட்லாந்து நாட்டார் மெட்டுக்களைப் பீற்றோவனுக்கு அனுப்பியபோது, இச்சொல்லின் கருத்தைத் தெளிவாகக் குறிக்கும்படி பீற்றோவன் 1813இல் அவரைக் கேட்டார். பீற்றோவனுக்கே ஐயம் என்றால் நம் பிள்ளைகளை நோவானேன்?

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதாலும் தவறு நேரும். 'தெம்போ பிறிமோ' என்பதை 'ஃபெர்ஸ்ற் ரைம்' என்று பெயர்த்தால், 'முதல் தடவை' என்றே ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வர். கேட்கப்படுவதோ தொடக்கத்திலிருந்த வேகத்துக்குத் திரும்புவது. 'சோர்தினோ' வயலினில் ஒலியை அடக்கும் சிறு கருவி. ஆனால் 1802இல் அச்சான 'மூன்லைற்' சொனாற்றாவின் முதற்பகுதியைச் 'சென்சா சோர்தினோ' வாசிக்கும்படி பீற்றோவன் கேட்கிறார். பியானோவில் அந்தக் கருவி ஏது? இங்கே அச்சொல் தந்திகளின் அதிர்வை நிறுத்தும் தடைகளைக் குறிக்கிறது. அவை தந்தியைத் தொடாதபடி பெடலை மிதித்திரு என்பதே கட்டளை. வாசிப்பவர் செய்யவேண்டிய காரியத்தைச் சொன்னால்தான் அது மொழிபெயர்ப்பு.

இத்தாலியத்தையே ஒதுக்கிவிட்டவரும் உண்டு. 1882இல் அவுஸ்திரேலியாவிற் பிறந்த பேர்சி கிறெயிஞ்சர் தம் இசைத்தாள்களில் 'மோல்தோ கிறெஷெந்தோ' என்பதற்குப் பதிலாக 'லௌடன் லொற்ஸ்' என்று எழுதினார். ஒலியை நன்றாகப் பெருக்கு என்று கருத்து. கேட்டவர்கள் சிரித்தார்கள், ஆனால் எவருக்கும் விளங்காமற் போகவில்லை. எனினும் எல்லாவற்றையும் இப்படி மாற்றுவது என் மனதுக்கு ஒப்பவில்லை. பல நாட்டு வாத்தியக்காரர் ஒரே தாளைப் பார்த்து ஒன்றாக வாசிக்க இத்தாலியச் சொல் உதவுகிறதல்லவா?

பாடகர் குழுக்களுக்குப் பழக்கமான 'ஆ கப்பெல்லா' என்னும் தொடரையும் சொல்லவேண்டும். 'சிற்றாலய முறைப்படி' என்பது அதன் நேர்ப்பொருள். உரோமையில் பாப்பரசரின் சிஸ்ரைன் சிற்றாலயத்திலே ஓகன் முதலிய வாத்தியங்களின்றிப் பாடும் மரபு இருந்தது. அதை அறியாதவருக்கு 'சப்பல் ஸ்ரைல்' என்று எழுதிக் கொடுத்துப் பயனில்லை. 'வாத்தியம் இன்றி' என்று ஆங்கிலத்தில் எழுதினால், ஓகன் வாசிப்பவரும் கையை எடுத்துவிடுவார்.