வீட்டில் சரவுண்ட் ஸ்பீக்கர் அமைப்பது எப்படி?



எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்துவிட்டால் போதும், தெருவில் மிக்ஸி நின்றாலும் டிவி நின்றாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. அந்த மரியாதை ஒரு வயரால் எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மாமா சீட்டுப் பணம் எடுத்து ஒரு 5.1 செட் வாங்கினார். மாட்டிக் கொடுத்தது நான். பாட்டுப் போட்டால் பாடுகிறவர் குரல் ஓரிடத்தில் நிற்கவில்லை, அறை முழுக்க அலைந்தது. தவில் அடி சப்பென்று இருந்தது. பாஸைக் கூட்டினேன், டிரபிளைக் குறைத்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. "சரக்கு மட்டம் மாமா, மாத்திக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மாமா செட்டை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடையில் சண்டை போட்டார். கடைக்காரர் அங்கேயே மாட்டிப் பாட்டுப் போட்டார். கணீரென்று பாடியது. நாலு பேர் பார்க்க மாமா அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. "படிக்கிற பய சொல்றானேன்னு போய்ச் சண்டை போட்டேன் மாப்ளே" என்றார், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். செட் கடைக்குப் போனாலும் நான் சுவரில் அடித்த வயர் சுவரிலேயே இருந்தது. முன்பக்க இடது ஸ்பீக்கர் வயரில் ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டிருந்தேன்! தப்பு செட்டில் இல்லை, என்னிடம்தான் இருந்தது. அதன் பிறகு முறையாகப் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அட்டைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்டை நம்பாதீர்கள். அதற்கு ஒரே அளவுமுறை என்று எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி. அதாவது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே 90 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் சத்தத்தை, 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட் வாங்கித்தான் தரும்.

அடுத்தது ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாகப் போட்டால் 4 ஓம் என்பது நாம் முதலாண்டிலேயே படித்தது. இரண்டு 4 ஓம் போட்டால் 2 ஓம். ஆம்ப்ளிபையர் 4 ஓமுக்குச் செய்ததாக இருந்தால், அவுட்புட் ஐ.சி. சூடாகி விரைவில் போய்விடும். "ஒரு ஸ்பீக்கர் எக்ஸ்ட்ரா இருக்கு, அதையும் சேர்த்துப் போடுப்பா" என்று யார் சொன்னாலும் முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2. எங்கே வைப்பது?

5.1 என்றால் முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட், ஆக 5. அந்த ".1" என்பது தாழ்ந்த ஒலிக்கு மட்டும் உள்ள சப்-வூஃபர் சேனல். 1992ல் வந்த "பேட்மேன் ரிட்டர்ன்ஸ்" படத்தோடு டால்பி டிஜிட்டலாகத் தியேட்டருக்கு வந்த இந்த முறைதான் பிறகு வீட்டுக்கும் வந்தது.

10 அடி அகலமுள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையில் 7 அடி இருந்தால், உட்காருபவருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 7 அடி. சமபக்க முக்கோணம்! நேர்க்கோட்டிலிருந்து இரு பக்கமும் 30 டிகிரி தானாக வந்துவிடும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். சென்டரை டிவிக்கு மேலோ கீழோ வைத்து, முகத்தைக் காதைப் பார்த்துச் சாய்க்க வேண்டும். ஷோகேஸுக்குள் தள்ளி வைத்தால் வசனம் குடத்துக்குள் பேசுவதுபோல் இருக்கும்.

சரவுண்டை நம் ஊரில் பெரும்பாலும் பின்சுவரின் இரண்டு மூலையில் கூரையை ஒட்டி மாட்டிவிடுகிறோம். சரியான இடம் அதுவல்ல. முன்னால் நேர்க்கோட்டை 0 டிகிரி என்று வைத்தால், சரவுண்ட் 110 டிகிரி அளவில் வர வேண்டும். பாகைமானி தேவையில்லை. உட்காரும் இடத்துக்கு நேர் பக்கத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். சுவர் 5 அடி தள்ளி இருந்தால், கோட்டிலிருந்து 1¾ அடி பின்னால் மாட்டுங்கள். உயரம், காதுக்கு ஓரடி முதல் இரண்டடி மேலே. சோபா பின்சுவரை ஒட்டி இருந்தால் ஓரடியாவது முன்னால் இழுத்துப் போடுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பக்கச் சுவரில் நேர் பக்கத்திலேயே மாட்டலாம்.

சப்-வூஃபரை மூலையில் வைத்தால் பாஸ் கூடும், ஆனால் ஒரே இரைச்சலாகவும் ஆகலாம். சப்-வூஃபரை நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே பாஸ் தெளிவாகக் கேட்கிறதோ அங்கேதான் அதற்கு இடம். வீட்டில் உள்ளவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

டைல்ஸ் தரையில் ஒலி எதிரொலிக்கும். ஒரு ஜமக்காளம் விரித்தாலே வித்தியாசம் தெரியும்.

3. வயர்

சரவுண்டுக்கு 10 மீட்டர் வயர் ஓடுகிறது என்றால், போக வர 20 மீட்டர் செம்பு. 0.2 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயரில் இது ஏறக்குறைய 1.7 ஓம். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் பத்தில் மூன்று பங்கு சக்தி வயரிலேயே போய்விடும். 1 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.34 ஓம்தான்.

4. ப்ளஸ் மைனஸ்

என்னைக் கவிழ்த்தது இதுதான். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் மாறிப்போனால், ஒன்றின் கோன் முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைந்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரலும் நிற்காது.

சோதிக்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிபையர் பக்கம் வயரைக் கழற்றிவிட்டு, வயரின் ப்ளஸ்ஸில் பேட்டரி ப்ளஸ்ஸையும் மைனஸில் மைனஸையும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கோன் வெளியே வந்தால் சரி, உள்ளே போனால் மாறியிருக்கிறது. வயரின் கடைசி முனையில் தொட்டுப் பார்ப்பதால் சுவருக்குள் ஓடும் இணைப்பும் சேர்ந்தே சோதனையாகிவிடும். தனி ட்வீட்டரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், காயில் கெட்டுவிடலாம்.

5. தூரமும் சத்தமும்

ஒலி ஓர் அடி செல்ல ஏறக்குறைய 0.9 மில்லி வினாடி ஆகும். முன் ஸ்பீக்கர் 7 அடி, சரவுண்ட் 5½ அடி என்றால் சரவுண்ட் ஒலி 1.3 மில்லி வினாடி முந்திவிடும். எது முதலில் வருகிறதோ அந்தத் திசையைத்தான் காது எடுத்துக்கொள்ளும். 1949ல் ஹெல்முட் ஹாஸ் ஆராய்ந்து எழுதியது இதைப் பற்றித்தான். எனவே டேப் பிடித்து அளந்து, செட்டில் தூரம் அல்லது டிலே என்ற மெனு இருந்தால் உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

பிறகு டெஸ்ட் டோன் போட்டு, உட்காரும் இடத்தில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு கேட்கும்படி லெவல் வையுங்கள். செல்போனில் உள்ள சவுண்டு மீட்டர் துல்லியமாக இருக்காது. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். சரவுண்ட் தனியாகக் காதில் விழுந்தால் லெவல் அதிகம் என்று அர்த்தம்.

இன்னொன்று, டிவியிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. வயர் மட்டும் வந்தால் அது ஸ்டீரியோதான். செட் அதைப் பிரித்துத் தருமே தவிர, உண்மையான 5.1 வராது. அதற்கு எச்.டி.எம்.ஐ. அல்லது ஆப்டிகல் இணைப்பு வேண்டும்.

மாமா வீட்டில் இதையெல்லாம் செய்து முடிக்க ஒரு பகல் ஆனது. குரல் டிவிக்கு நடுவில் வந்து நின்றது. வேறு எதையும் புதிதாக வாங்கவில்லை, 1 சதுர மில்லிமீட்டர் வயரைத் தவிர. மறுநாள் மாமாவோடு அந்தக் கடைக்குப் போய், "அண்ணே, தப்பு என்மேலதான், வயரை நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்று சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார். மாமா அன்றுதான் அந்தத் தெருவில் பழையபடி நிமிர்ந்து நடந்தார்.

நண்பர்களே, நாம் சொல்வதை நம் வீட்டில் சரிபார்க்க ஆள் இல்லை. படித்தவன் சொன்னால் அப்படியே நம்பிவிடுவார்கள். ஆகவே "சரக்கு மட்டம்" என்று சொல்லும் முன் பையில் இருக்கும் பேட்டரியை எடுத்து நம் வேலையை முதலில் சோதிப்போம்.

– இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை