கைப்பேசியும் கிராமத்துப் பிள்ளைகளும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, நமது கிராமங்களில் பாடப்புத்தகத்தின் பக்கத்தில் கைப்பேசி வந்து அமர்ந்தது. கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது; ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியே வீட்டுப்பாடம் அனுப்பினர். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் பிள்ளைகள் 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் மறுபடியும் வகுப்பறையைக் கண்டனர். இடைப்பட்ட காலத்தில் ஆட்டை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைக்கென்று கைப்பேசி வாங்கிய குடும்பங்கள் பல. பின்னர் பள்ளிகள் திறந்தன. கைப்பேசி மட்டும் பிள்ளைகளின் கையை விட்டு அகலவில்லை.

இதனைக் குறையாகச் சொல்ல நாம் முற்படவில்லை. நெல்லின் விலை, மழையின் முன்னறிவிப்பு, அரசுத் தேர்வின் முடிவு யாவும் இன்று அக்கருவியின் வழியேதான் நம்மை வந்தடைகின்றன. பட்டணத்துப் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி ஆசிரியர் கிடைப்பார். நமது பிள்ளைக்குக் கணக்குப் புரியாவிட்டால் யூடியூபில் ஒரு பாடத்தைக் கேட்டுத் தெளிய முடிகிறது. ஆதலால், “பிள்ளைகளுக்குக் கைப்பேசியே ஆகாது” என்று தீர்ப்புக் கூறும் பெரியவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. அவ்வாறு கூறுவோரில் சிலர் திண்ணையில் சாய்ந்தபடி நள்ளிரவு வரை அதே கருவியைத் தடவிக் கொண்டிருப்பதும் நாம் காணாத காட்சியன்று.

2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது. அதன் பின்னர் ஊர் ஊராகத் திறந்த குழிகளைத் தேடி மூடினோம். குழி கண்ணுக்குத் தெரிந்ததால் மூட முடிந்தது. இணையத்தில் உள்ள குழியோ பிள்ளையின் கண்ணுக்கு முதலில் விளையாட்டாகவும் நட்பாகவும் தோன்றுகிறது. நமது கண்ணுக்குத் தோன்றுவதேயில்லை. ஆகவே அது எவ்வாறு இருக்கும் என்பதை நாம் சற்று விரிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

தந்தையின் கைப்பேசி

விவசாயக் குடும்பங்களில் பலவற்றில் கைப்பேசி ஒன்றுதான். வங்கிக் கணக்கு, ஆதார், பி.எம். கிசான் தவணை, எரிவாயு மானியம் ஆகிய அனைத்தும் அந்த ஓர் எண்ணோடு இணைந்திருக்கின்றன. மாலையானதும் அதே கைப்பேசிதான் பிள்ளையின் விளையாட்டுக் களமாகிறது. இதில் உள்ள ஆபத்து நேரானது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்கிறது. ஆனால் துப்பாக்கி விளையாட்டுக்குள் புதிய உடையும் ஆயுதமும் விலைக்கு வாங்குவது பொதுவாக இந்தத் தடைக்குள் வருவதில்லை. பிள்ளைக்கு அது காசாகவே தோன்றாது. மாத முடிவில் கணக்கைப் பார்க்கும் தந்தைக்குத்தான் தோன்றும்.

மற்றொன்று போலிச் செயலி. பி.எம். கிசான் பெயரிலும் வங்கிகளின் பெயரிலும் வாட்ஸ்அப்பில் வந்த போலிச் செயலிகளை நிறுவியோர் பணத்தை இழந்ததுண்டு. அத்தகைய செயலி குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படித்து மோசக்காரருக்கு அனுப்பிவிடக் கூடியது. தந்தை தொடத் தயங்கும் இணைப்பைப் பிள்ளை தயங்காமல் தொட்டுவிடுகிறது. செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்தே நிறுவ வேண்டும், செய்தியில் வருவதை நிறுவலாகாது என்ற ஒரு விதியைப் பத்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும்.

எழுத்தறியாத தந்தை யூபிஐயின் இரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லியே பணம் அனுப்பச் செய்கிறார் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அவரைக் கடிந்து பயனென்ன? விளைச்சல் பணமும் கடன் பணமும் வரும் கணக்கை யூபிஐயோடு இணைக்காமல், கைச்செலவுக்கான சிறு தொகை மட்டும் உள்ள வேறொரு கணக்கை இணைத்து வைத்தால், நேரும் நஷ்டம் அந்த அளவோடு நிற்கும். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை என்பதையும் வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பணம் பறிபோனதாகத் தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் பேசவேண்டும். மோசக்காரர் எடுப்பதற்குமுன் அது சென்ற கணக்கை முடக்கி வைக்க வழியுண்டு என்பதால், இதில் நாட்கணக்கு அன்று, நிமிஷக்கணக்கே முக்கியம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம், “உன் வங்கிக் கணக்கைச் சில நாட்கள் கொடு, கமிஷன் தருகிறோம்” என்று கேட்போரும் உளர். கொடுத்தவர் மோசடி வழக்கில் சிக்கிக்கொள்வார்.

முகமறியாத நண்பன்

பணம் போனால் உழைத்து ஈட்டலாம். இனிச் சொல்லப் போவது அத்தகையதன்று.

விளையாட்டிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒருவர் அறிமுகமாகிறார். தம் வயதும் பதினான்கே என்கிறார். பிள்ளையின் ஆட்டத்தையும் அழகையும் புகழ்கிறார். வீட்டில் திட்டு விழுந்த நாளில் ஆறுதல் கூறுகிறார். விளையாட்டுக்குள் சிறு பரிசும் அனுப்புகிறார். சில நாள் கழித்து, பேச்சைப் பிறர் காணாத தனிச் செய்திக்கு மாற்றச் சொல்கிறார். “நம் பேச்சை அம்மாவிடம் சொல்லாதே” என்கிறார். பிறகு ஒரு படம் கேட்கிறார். அதன்பின் வேறுவிதமான படம் கேட்கிறார். படம் கைக்குக் கிடைத்த மறுகணமே குரல் மாறுகிறது. இன்னும் படம் வேண்டும், அல்லது பணம் வேண்டும். இல்லையேல் உன் பள்ளிக்கும் உறவினர்க்கும் அனுப்புவேன் என்று மிரட்டல் தொடங்குகிறது.

இந்தப் படிகளில் எல்லாப் பிள்ளைகளும் உணர்ந்துகொள்ளக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. அதுவே “வீட்டில் சொல்லாதே” என்ற சொல். ஆபாசம் பற்றியெல்லாம் பிள்ளையிடம் பேசக் கூச்சப்படும் தாயும், “அப்படி எவர் சொன்னாலும் என்னிடம் வந்து சொல்” என்று கூற இயலும்.

ஆண் பிள்ளைக்கு இது நேராது என்று எண்ணுவது தவறு. பணம் பறிக்கும் மிரட்டலுக்குப் பையன்கள் பெரிதும் இலக்காகின்றனர். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டமும், பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் ஆண் பெண் என்ற வேற்றுமையின்றிக் குழந்தை என்றே கொள்கிறது. மேலும், இப்போது பிள்ளை எந்தப் படத்தையும் கொடுத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஊர்த் திருவிழாவில் எடுத்த சாதாரணப் படத்தைக் கொண்டே செயற்கை நுண்ணறிவினால் பொய்ப் படம் உண்டாக்கிவிடுகின்றனர். ஆகையால், “நீ என்ன செய்தாய்?” என்று முதற்கேள்வி கேட்பது நியாயமும் ஆகாது, அறிவும் ஆகாது.

பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை?

இதுவே நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம். மிரட்டப்படும் பிள்ளைக்கு அந்நியனைப் பற்றிய அச்சம் பாதி. நம்மைப் பற்றிய அச்சம் பாதி. பெண் பிள்ளை உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவள் பிற வீடுகளில் பார்த்திருக்கிறாள். கைப்பேசி பிடுங்கப்படும், படிப்பு நிறுத்தப்படும், ஊர் வாய்க்கு அஞ்சி மாப்பிள்ளை தேடத் தொடங்குவார்கள். குற்றவாளி எங்கோ ஓர் ஊரில் சுகமாக இருக்க, தண்டனை நமது வீட்டிலேயே நிறைவேற்றப்படுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்விப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம் என்பதும் அந்த அவசரத்தில் மறந்துபோகிறது. மிரட்டுகிறவனுக்கு இவையெல்லாம் தெரியும். நமது கோபமே அவனுடைய ஆயுதம். ஆகையால் பிள்ளைக்கு முன்கூட்டியே தரவேண்டிய வாக்குறுதி ஒன்றுண்டு: “சொன்னதற்காக உன் படிப்பு நிற்காது.” அதைத் தந்தையே தம் வாயால் சொல்லவேண்டும், தாய் சொன்னால் மட்டும் போதாது.

செய்தி வெளிவந்த பின் செய்ய வேண்டியவை சில. மிரட்டுவோனுக்குப் பணம் அனுப்பலாகாது. ஒருமுறை கொடுத்தவரிடம் அவன் மறுமுறையும் கேட்பான். உரையாடலை அழிக்காமல், கைப்பேசியை அப்படியே போலீஸாரிடம் காட்டவேண்டும். நன்மை செய்வதாக எண்ணி, அந்தப் படத்தை மாமனுக்கும் பங்காளிக்கும் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் அனுப்பிப் பார்க்கச் சொல்வது நமது பக்கத்தில் நடக்கும் பெரும் பிழை. குழந்தையின் ஆபாசப் படத்தை எந்த நோக்கத்தோடு அனுப்பினாலும் அது மேலும் பரவுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு அத்தகைய படத்தைப் பரப்புவோருக்கு முதற்குற்றத்திற்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பகிரும் எண்ணத்தோடு, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகும் என்பதை 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் விளக்கியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் எவரோ அனுப்பினார் என்று கண்டும் காணாதிருப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச இணையச் சேவையும் உண்டு. படம் கைப்பேசியை விட்டு வெளியே செல்லாமலே அதன் எண் அடையாளத்தை மட்டும் அச்சேவை பெற்று, அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் தங்கள் தளங்களில் அப்படத்தைக் கண்டுபிடித்து நீக்க உதவுகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்குக் குறிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய வழக்கை ஊருக்குள்ளேயே பேசி முடித்து, அபராதமும் மன்னிப்பும் வாங்கிக் கொடுப்பது சட்டப்படி இயலாத காரியம். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. போலீஸ் என்றதும் குடும்பம் நடுங்குவது இயல்பே. ஆனால் அதே சட்டம் வேறு பலவும் சொல்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்யலாம். இயன்ற வரை பெண் அதிகாரியே பதிவு செய்யவேண்டும். அவர் சீருடையில் வரலாகாது. எந்தக் காரணத்திற்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அதன் பெயரையும் அடையாளத்தையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. இவற்றைத் தலைவர் எடுத்துச் சொன்னால் குடும்பத்தின் தயக்கம் பாதி தீரும். குழந்தைகளுக்கான 1098 என்ற இலவச எண்ணில் இரவிலும் பேசலாம், பிள்ளையே பேசலாம்.

அச்சமும் ஒரு நஞ்சு

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார் வழி கேட்க வண்டியை நிறுத்திக் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பியிருந்த மக்கள் அவர்களைத் தாக்கினர். மூதாட்டி ஒருவர் மாண்டார். பிள்ளைகளின்மீது கொண்ட அன்பே அங்குக் கொலையாக முடிந்தது. அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே முறையில் முன்னனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்படுத்தியது. பிள்ளைகளுக்கு இணையம் பற்றிப் புத்தி சொல்லும் நாம், சிவப்பு எழுத்தில் வரும் எச்சரிக்கைச் செய்திகளைச் சற்று நிறுத்திப் பார்க்கிறோமா?

வீட்டிலும் கிராம சபையிலும்

கருவியிலேயே சில வேலிகள் உள்ளன. பிளே ஸ்டோரில் வயதுக் கட்டுப்பாட்டை இரகசிய எண்ணோடு அமைக்கலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியால் பிள்ளையின் கருவிக்கு நேர வரம்பு வைக்கலாம். வாட்ஸ்அப்பில் அந்நியர் நம்மைக் குழுவில் சேர்க்காதபடி மாற்றிக் கொள்ளலாம். இன்ஸ்டாகிராமில் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோர் கணக்குத் தொடங்க விதியில்லை. எனினும் பிறந்த ஆண்டைப் பொய்யாகக் குறிக்கத் தெரியாத பிள்ளை உண்டா? ஆகவே வேலியைக் காட்டிலும் இடமும் நேரமும் பயன் தரும். இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் மின்னேற்றத்தில் இருக்கட்டும். எல்லாக் கைப்பேசிகளும் என்றதில் தந்தையினுடையதும் அடக்கம்.

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு, பஞ்சாயத்துத் தலைவரைத் தலைவராகக் கொண்டு அமைவது. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகியோரும் பிள்ளைகளின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற வேண்டும். பல ஊர்களில் இக்குழு பதிவேட்டில் மட்டும் உயிர் வாழ்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்திலும் இவ்வேலை நின்றுவிட வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு கிராம சபைகளில் ஒன்றிலேனும் இப்பொருளை எடுத்துக் கொள்ளலாம். அன்று பள்ளியின் பெரிய மாணவர்களில் இருவரை அழைத்து, எந்த விளையாட்டு, எந்தச் செயலி இப்போது ஊரில் பரவியிருக்கிறது என்று சபைக்குச் சொல்லச் சொன்னால், நமக்கு அவர்கள் ஆசிரியராவார்கள். 1098, 1930 என்னும் எண்களைப் பள்ளிச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் தண்ணீர்த் தொட்டியின் பக்கத்திலும் எழுதி வைக்கப் பெயிண்டு ஒரு டப்பாதான் செலவு. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் ஆசிரியை ஒருவர் அரைமணி நேரம் பேசினால், கிராம சபைக்கு வரக் கூசும் தாய்மாரும் கேள்வி கேட்பர்.

சபையின் நடுவே குறிப்பிட்ட எந்த நிகழ்ச்சியையும் விவாதிக்க இடம் தரலாகாது. தீர்மானப் புத்தகத்தில் பிள்ளையின் பெயரோ, குடும்பத்தின் பெயரோ, தெருவின் பெயரோ எழுதவும் கூடாது. புகார் ஒன்று உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது என்று தேதியோடு குறித்தால் போதுமானது.