சுகர் கட்டுக்குள் வந்த பிறகு: சேரம்பாடிப் பக்கத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

சுகர் ஏறிக் கிடக்கும்போது எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். இறங்கிவிட்டால்தான் கவனம் தளர்கிறது. "இப்போ நார்மல்தானே" என்று முதலில் ஒரு வேளை மாத்திரையை விடுகிறோம், பிறகு ஒரு மாதம். சேரம்பாடியில் இப்படி விட்டுப்போவதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல. அடைமழை, பாதையில் யானை, வராத பஸ், ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை என்று நிறைய இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் வைத்தியத்தை அறுந்துபோகாமல் கொண்டுபோவது எப்படி என்பதற்கே இந்தக் குறிப்புகள்.

1. சுகர் நார்மலாக இருந்தால் மாத்திரையும் சாப்பாட்டு முறையும் வேலை செய்கின்றன என்று பொருள். நோய் போய்விட்டது என்று பொருள் அல்ல. பிரிட்டனில் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களை வைத்து நடத்திய யு.கே.பி.டி.எஸ். என்ற பெரிய ஆய்வின் முடிவு 1998இல் வெளியானது. அதே ஆட்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் இன்னொரு முடிவு வந்தது. தொடக்கத்திலேயே சுகரை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, பல ஆண்டு கழித்தும் மாரடைப்பும் மரணமும் குறைவாக இருந்தன. இன்று நீங்கள் சரியாகப் போடும் மாத்திரை பத்து வருடம் கழித்தும் உங்களுக்கு உதவும். பெரும்பாலானவர்களுக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 180க்குள், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7க்குள் என்பது இலக்கு. வயதானவர்களுக்கும் அடிக்கடி சுகர் இறங்குபவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்திச் சொல்வார்.

2. ஒரே ஒரு நோட்டு வையுங்கள். நம் பக்கத்தில் ஒருவர் ஒரே ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பது அபூர்வம். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில், காய்ச்சலுக்குப் பந்தலூர், கண்ணுக்குக் கூடலூர், அவசரம் என்றால் கேரள எல்லை தாண்டி மேப்பாடியோ சுல்தான் பத்தேரியோ. ஒவ்வோர் இடத்திலும் வேறு கம்பெனி மாத்திரை, வேறு அட்டை. பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கும் ஆபத்து உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் 500 என்று எழுதியிருந்தால் தமிழ்நாட்டு மருத்துவருக்கும் புரியும், கேரள மருத்துவருக்கும் புரியும்.

3. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் ரத்தசோகை இருக்கிறதா? பணியர், முள்ளுக்குறும்பர் உள்ளிட்ட இப்பகுதிப் பழங்குடி மக்களிடையே இது கணிசமாக இருக்கிறது. கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை இதற்கென்று தொடர்ந்து சிகிச்சை தருகிறது. இந்த நோயில் ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரமே அழிந்துபோவதால், ஹெச்பிஏ1சி உண்மையை விடக் குறைவாகக் காட்டும். சுகர் கட்டுக்குள் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் இருக்காது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் இதற்கு நேர்மாறாக, அதிகமாகக் காட்டலாம். அப்படிப்பட்டவர்கள் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் எடுக்கும் அளவுகளையே நம்ப வேண்டும். ரத்தம் எடுக்கும்போதே "எனக்கு இது இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

4. ஜூன் பிறக்கும் முன் குறைந்தது பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கட்டும். தேவாலாவைத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்கிறார்கள், நாமோ அதன் பக்கத்து ஊர்க்காரர்கள். 2024 ஜூலை 30 அன்று எல்லைக்கு அந்தப் பக்கம் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணுக்குள் போனதைப் பார்த்தோம். சாலை எந்த நேரமும் துண்டாகலாம். இந்த மாத்திரைகளை ஜிப் வைத்த உறையில் போட்டு, நோட்டையும் அதனுடன் சேர்த்து, இருட்டிலும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். பழையதை முதலில் சாப்பிட்டுப் புதியதை இருப்பில் வையுங்கள்.

5. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வரும்போது நீங்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தால், பக்கத்து வீட்டில் யாரிடம் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் மாத்திரை வீடு தேடி வருவதால் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது.

6. கால். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் நனைந்து கிடக்கும் கால், விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிப்போன தோல், அதில் சின்னதாக ஒரு வெடிப்பு. சுகர் உள்ளவருக்கு நரம்பு மரத்துப்போயிருந்தால் வலி தெரியாது. புண் பெரிதான பிறகுதான் தெரியும். வேலை முடிந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்ஸைப் போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள், உள்ளே சிறு கல் கிடந்தாலும் போதும் புண்ணாக. இரண்டு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொண்டு நடுவில் மாற்றுங்கள்.
அட்டை கடித்தால் தீயால் சுடாதீர்கள், பிய்த்து இழுக்காதீர்கள். நகத்தால் அதன் வாயைத் தோலிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது விட்டுச் செல்வதால் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திக் கட்டுங்கள். மறுநாள் சிவந்து வீங்கினாலோ நீர் கோத்தாலோ அன்றே காட்டுங்கள்.
குளிருக்கு அடுப்போரம் காலை நீட்டி உட்காருவதும், வெந்நீரில் காலை வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். மரத்துப்போன காலுக்குச் சூடு உறைக்காது. தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள். அடுப்பைவிடக் கம்பளிச் சாக்ஸ் நல்லது.

7. சரிவில் நிற்கும்போது சுகர் இறங்கினால் விழுந்துவிடுவோம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் காலையில் வெறும் சாயா குடித்துவிட்டு மலை ஏறக் கூடாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது வந்தால் உடனே உட்கார்ந்து, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ சாப்பிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் சோறோ ரொட்டியோ சாப்பிடுங்கள். பிஸ்கட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் வேலை செய்யும். வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குக் குளுக்கோஸ்தான் உதவும், சாதாரணச் சர்க்கரை போதாது. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்குச் சுகர் இருப்பது கூட வேலை பார்ப்பவர்களில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

8. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. மலையகத்து ரொட்டியும் சம்பலும் அவர்களோடு வந்தன. விட வேண்டியதில்லை. கோதுமை மாவு ரொட்டியின் எண்ணிக்கையைக் குறைத்து, கூடவே பருப்பு, முட்டை, கீரை வையுங்கள். சாயத்தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், சர்க்கரைதான் வேண்டாம். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாளைக்கு நாலு கிளாஸ் என்றால் 40 கிராம் சர்க்கரை. காட்டுத் தேன் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்பது தவறு. மலைத்தேனும் சுகரை ஏற்றும்.

9. விடியற்காலை வாக்கிங் போகச் சொல்லும் அறிவுரை இந்த ஊருக்குப் பொருந்தாது. அரிசிக்காக வீடுகளை இடித்துக்கொண்டிருந்த 'புல்லட்' யானையை 2024 டிசம்பரில் வனத்துறை பிடித்துச் சென்றது, ஆனாலும் மற்ற யானைகள் இருக்கின்றன. நன்றாக வெளிச்சம் வந்த பிறகு நடங்கள், மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்புங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு.

10. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் ஈரக்காற்றில் கெட்டுத் தப்பான அளவு காட்டும். ஒன்றை எடுத்த உடனே டப்பாவை இறுக மூடுங்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்த இன்சுலின் பயன்படாது. உபயோகத்தில் உள்ளதை நம் ஊர்க் குளிரில் வெளியே வைக்கலாம், பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் தாங்கும். அடுப்புக்கு மேலுள்ள பரணில் மட்டும் வைக்காதீர்கள்.

11. போட்ட ஊசியைத் தேயிலைச் செடிக்குள் எறிய வேண்டாம். அங்கே இன்னொருவர் கை வைப்பார். கெட்டியான டப்பாவில் சேர்த்து சுகாதார நிலையத்தில் கொடுங்கள்.

12. வருடத்துக்கு ஒரு முறை விழித்திரை, சிறுநீரில் புரதம், கிரியேட்டினின், கொழுப்பு, கால் உணர்ச்சி ஆகிய சோதனைகள் நடக்க வேண்டும், சுகர் எவ்வளவு நன்றாக இருந்தாலும். கூடலூருக்கோ ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போக நேர்ந்தால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடிக்க முடியுமா என்று முன்பே விசாரியுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மலைப்பாதையில் பைக் ஓட்டாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவையும் பார்க்கச் சொல்லலாம்.

13. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் மெட்ஃபார்மினையும் டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் சில நாள் நிறுத்த வேண்டி வரலாம். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தவே கூடாது. மழையில் போக முடியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேளுங்கள்.

14. திருப்பூரிலோ கோவையிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும் பெரியவர்கள், போகும் முன் தன்னார்வலரிடம் சொல்லி, மாத்திரையையும் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே அங்குள்ள நகர்ப்புற சுகாதார நிலையத்தில் நோட்டைக் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். கையிலிருக்கும் மாத்திரை தீரும்வரை காத்திருக்க வேண்டாம்.