எந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவது?

எங்கள் மையத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் புத்தகங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை பெட்டியைத் திறப்போம். எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். ஆனால் யாரும் கை நீட்ட மாட்டார்கள். "நீயே ஒண்ணு பாத்து எடுத்துக் குடு பாப்பா" என்பார்கள்.

எடுத்துக் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத புத்தகம் வீட்டுப் பரணுக்குத்தான் போகும். பல மாதம் படிக்காமல் இருந்தால், கற்ற எழுத்து மறக்கத் தொடங்கும். பகலெல்லாம் உழைத்துவிட்டு, தூக்கத்தை விட்டுக் கற்ற எழுத்து அது. அதை இழக்கலாமா?

அதனால் நீங்களே எடுங்கள். சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறீர்கள். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறீர்கள். புத்தகத்தையும் அப்படிச் சோதிக்கலாம். உங்களுக்குத் தெரிந்ததை வைத்து அதைக் கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிற புத்தகத்தை எடுங்கள்.

எப்படிக் கேட்பது? ஒரு கைத்தொழிலை வைத்துப் பார்ப்போம். அதன் பெயர் மதுபனி ஓவியம்.

மதுபனி என்பது பீகார் மாநிலத்தின் வடக்கே உள்ள ஊர். நேபாள எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை மிதிலை என்றும் சொல்வார்கள். அங்கே பெண்கள் மண் சுவரில் படம் எழுதுவார்கள். கல்யாணம் என்றால் மணமக்கள் இருக்கும் அறைச் சுவரில் தாமரை, மூங்கில், மீன் எல்லாம் எழுதுவார்கள். தரையில் அரிசி மாவைக் கரைத்துக் கோலமும் போடுவார்கள். நம் மாக்கோலம் போலத்தான். அதற்கு அங்கே அரிபன் என்று பெயர்.

இந்தப் படத்தை எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கறுப்புக்கு விளக்குக் கரி. மஞ்சளுக்கு மஞ்சள் தூள். சிவப்புக்குக் குசும்பாப் பூ. மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் தூரிகை தயார்" என்று எழுதியிருக்கிறது. நல்லது. இப்போது கேளுங்கள்: கரியை வெறும் தண்ணீரில் குழைத்துப் பூசினால் காய்ந்ததும் கையில் ஒட்டிக்கொண்டு வராதா? வரும். அதற்குத்தான் கருவேலம் பிசினைக் கரைத்துச் சேர்க்கிறார்கள். நல்ல புத்தகம் இதைச் சொல்லும்.

இன்னொன்றும் கேளுங்கள். மஞ்சள் கறை பட்ட துணியைத் துவைத்து வெயிலில் போட்டால் என்ன ஆகும்? கறை வெளுத்துவிடும். இது வீட்டு வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் மஞ்சளில் எழுதிய படம் வெயிலில் இருந்தால்? அதுவும் வெளுக்கும். இதைச் சொல்லாமல் "அழகான மஞ்சள் நிறம் கிடைக்கும்" என்று மட்டும் எழுதியவர், படம் எழுதிப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் மையத்துக்கு வரும் ஓர் அக்கா பனை ஓலைப் பெட்டி முடைகிறவர். ஓலைப் பெட்டி பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதியில் நிறுத்தி, "ஓலையை நனைக்கணும்னு எங்கேயுமே போடலையே! காஞ்ச ஓலையை மடக்கினா ஒடிஞ்சுல்ல போகும்?" என்றார். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக அவர் தலையாட்டவில்லை. அதுதான் சரியான படிப்பு. பத்தாம் வகுப்புப் படித்த எனக்கு அந்தக் குறை கண்ணில் படவே இல்லை.

இனி வரலாற்றுப் புத்தகம். வரலாறு என்றாலே ராஜா, சண்டை, கோட்டை என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஒரு சுவர்ப் படத்துக்கும் வரலாறு உண்டு.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று பீகாரில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பீகாரில் மட்டும் ஏழாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் இடிந்தன. அப்போது மதுபனியில் வில்லியம் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். சேதத்தைப் பார்வையிடப் போனார். இடிந்த சுவர்களின் வழியே வீட்டின் உள்பக்கம் தெரிந்தது. அங்கே இருந்த படங்களைப் பார்த்து அசந்து போனார். பிறகு அவற்றைப் போட்டோ எடுத்தார். 1949-இல் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

சில புத்தகங்களில், "மதுபனி ஓவியத்தை ஆர்ச்சர் கண்டுபிடித்தார்" என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள். சுவரில் எழுதிய பெண்களுக்கு அது முன்பே தெரியாதா? அவர்களுடைய அம்மாவுக்கும் பாட்டிக்கும் தெரியாதா? ஆர்ச்சர் பார்த்தார், எழுதினார், அதனால் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் ஒன்று. அவர் எழுதி வைத்ததால்தான் இன்று ஆண்டு சொல்லிப் பேச முடிகிறது. சுவரை மறுபடி பூசினால் பழைய படம் போய்விடும். எழுதிய பெண்ணின் பெயரும் அதோடு போய்விடும். யார் எழுதி வைக்கிறார்களோ அவர்கள் பெயர்தான் மிஞ்சுகிறது. உங்கள் ஊர்க் கதையை யார் எழுதுவார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

பிறகு 1966-67-இல் பீகாரில் மழை பொய்த்தது. கடும் வறட்சி. வயலில் வேலை இல்லை. அப்போது அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். அவர் பெண்களிடம் தாளைக் கொடுத்து, "சுவரில் எழுதுவதை இதில் எழுதுங்கள்" என்றார். சுவரை விற்க முடியாது. தாளை விற்கலாம். வீட்டுக்குள் இருந்த கலை கூலி தரும் வேலை ஆனது. ஜித்வார்பூர் என்ற கிராமத்து ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே ஊர் சீதா தேவிக்கு 1981-இல் கிடைத்தது.

நல்ல வரலாற்றுப் புத்தகம் இத்தோடு நிற்காது. யார் விட்டுப்போனார்கள் என்றும் சொல்லும். முதலில் பேர் வாங்கியவர்களில் பெரும்பாலோர் மேல்சாதி வீட்டுப் பெண்கள். பிறகு தலித் பெண்களும் தாளில் எழுத வந்தார்கள். உடம்பில் பச்சை குத்தும் கோலங்களை அவர்கள் தாளில் எழுதினார்கள். அது கோத்னா என்று தனிப் பாணியாகவே ஆகிவிட்டது. ஒரு புத்தகம் இதைச் சொல்லாவிட்டால், பாதிக் கதைதான் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைப் புத்தகத்துக்கு வருவோம். "அது சின்னப் பிள்ளைங்க படிக்கிறது, எனக்கெதுக்கு?" என்று சில பெரியவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். எழுத்து பெரியதாக இருக்கும். வரி சின்னதாக இருக்கும். ஒரே நாள் இரவில் ஒரு புத்தகத்தை முடித்துவிடலாம். முழுப் புத்தகத்தைப் படித்து முடிக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதை நீங்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

துலாரி தேவியின் கதை தெரியுமா? மதுபனிக்குப் பக்கத்தில் ராந்தி என்ற கிராமத்துக்காரர். மீனவக் குடும்பம். பள்ளிக்கூடம் போக வழியில்லை. மகாசுந்தரி தேவி என்ற ஓவியரின் வீட்டில் வேலை செய்தார். அங்கே பார்த்துப் பார்த்துத்தான் படம் எழுதக் கற்றார். பின்னாளில் தம் வாழ்க்கையைப் படமாகவே எழுதினார். அவர் சொன்ன கதையை கீதா வுல்ஃப் என்பவர் வார்த்தையில் எழுதினார். சென்னையில் உள்ள தாரா புக்ஸ் என்ற பதிப்பகம் அதைக் குழந்தைகளுக்கான புத்தகமாக வெளியிட்டது. 2021-இல் துலாரி தேவிக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் உள்ளது. பரவாயில்லை. படத்துக்கு மொழி இல்லை. கையில் கிடைத்தால் பேரனோடு உட்கார்ந்து பாருங்கள். குழந்தைப் புத்தகத்தின் படம் வெறும் அலங்காரமாக இருக்கக் கூடாது. எழுத்து சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும். "இந்த அம்மா ஏன் அப்படிப் பார்க்கிறாங்க?" என்று பிள்ளை கேட்டால் அது நல்ல புத்தகம். "பொய் சொல்லாதே, பல் துலக்கு" என்று பக்கத்துக்குப் பக்கம் புத்தி சொன்னால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். பெரியவர்களுக்கான புத்தகத்துக்கும் இது பொருந்தும்!

தமிழில் வேண்டுமானால் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் புத்தகங்களைக் கேளுங்கள். 1957-இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் இது. பல மொழிகளில் வெளியிடுகிறார்கள். அவர்களுடைய குழந்தைப் புத்தக வரிசைக்கு நேரு பால புஸ்தகாலயம் என்று பெயர். மையத்தில் இல்லாவிட்டால் நூலகத்தில் விசாரியுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை எது? அதைப் புதிதாகக் கற்பவர் முதலில் எந்தத் தவறு செய்வார்? அதைத் தடுக்க ஒரு புத்தகத்தில் என்ன எழுத வேண்டும்?

2. உங்கள் ஊரில் எழுதி வைக்காத பழைய செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். அது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

3. வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கதைப் புத்தகம் படித்துக் காட்டுங்கள். பிள்ளை எந்தப் பக்கத்தில் கேள்வி கேட்டது? அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி, அடுத்த சனிக்கிழமை கொண்டு வாருங்கள்.