ஆன்லைன் பேக்கப்: அனுப்பினால் போதாது, மீட்டுப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று நான்கு கடைகளில் விசாரித்து வாங்குகிறோம். மானிட்டர் பழுதானால் வேறு வாங்கிக் கொள்ளலாம். விண்டோஸ் கெட்டுப் போனால் மீண்டும் இன்ஸ்டால் செய்து கொள்ளலாம். ஆனால் குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி, மகள் மூன்று மாதம் உழைத்துத் தயாரித்த ப்ராஜக்ட் ரிப்போர்ட் ஆகியவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இதற்காகப் பலர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து வைக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த டிஸ்க் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கம்ப்யூட்டர் மேஜையின் டிராயரில்! 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தரைத்தள வீடுகளில் மேஜையும் டிராயரும் ஒன்றாகத்தான் மூழ்கின. திருடன் வந்தாலும் இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்வான். 2017 மே மாதம் பல நாடுகளில் பரவிய வான்னாகிரை போன்ற ரேன்சம்வேர் புரோகிராம்கள், கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிஸ்க்கில் உள்ள பைல்களையும் பூட்டி விடும். எனவே ஒரு காப்பியாவது வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும். அதற்கான எளிய வழிதான் ஆன்லைன் பேக்கப். நம் பைல்களை ஒரு சாப்ட்வேர் இன்டர்நெட் வழியாக வேறொரு இடத்தில் உள்ள சர்வருக்கு, நாம் நினைவுபடுத்தாமலேயே அனுப்பிக் கொண்டிருக்கும்.

சின்க் வேறு, பேக்கப் வேறு

"என் போட்டோக்கள் எல்லாம் ஆன்லைனில் இருக்கின்றன, எனக்கு பேக்கப் தேவையில்லை" என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் சின்க் எனப்படும் வசதியை. கூகுள் ட்ரைவ், ஒன்ட்ரைவ், ட்ராப்பாக்ஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள போல்டரும் சர்வரில் உள்ள போல்டரும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்படி இவை பார்த்துக் கொள்கின்றன. இங்கே ஒரு பைலைச் சேர்த்தால் அங்கேயும் சேரும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

என் பெரியப்பா மகன் வீட்டில் இதுதான் நடந்தது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று, சின்க் செய்யப்பட்ட போட்டோ போல்டரை அண்ணன் அழித்து விட்டார். "அதுதான் நெட்டில் இருக்கிறதே" என்பது அவர் நினைப்பு. அடுத்த சில நிமிடங்களில் சர்வரில் இருந்த காப்பியும் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. குப்பைத் தொட்டியில் பைல்கள் 30 நாட்கள் இருக்கும். இரண்டரை மாதம் கழித்து, பெரியம்மா காலமான பிறகு, அவர் இருக்கும் ராமேஸ்வரம் பயணப் படங்களைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்த ஒன்பது படங்கள் மட்டுமே கிடைத்தன.

பேக்கப் சாப்ட்வேர் வேறு விதமாக வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை இயங்கும்போதும் அன்றைய நிலையை ஒரு பதிப்பாகச் சேமிக்கிறது. இன்று நீங்கள் ஒரு பைலை அழித்தாலும், சென்ற வாரப் பதிப்பில் அது இருக்கும். ரேன்சம்வேர் உங்கள் பைல்களைப் பூட்டினாலும், பூட்டுவதற்கு முந்தைய நாள் பதிப்பிலிருந்து எடுத்துக் கொள்ளலாம்.

எந்த சாப்ட்வேர்?

பேக்பிளேஸ் போல மாதக் கட்டணமோ ஆண்டுக் கட்டணமோ வாங்கிக் கொண்டு எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக் கொள்ளும் நிறுவனங்கள் உள்ளன. புதியவர்கள் கட்டணமின்றிக் கற்றுக் கொள்ள டூப்ளிகாட்டி என்ற சாப்ட்வேரை நான் பரிந்துரைப்பேன். இது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். சேமிக்கும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கூகுள் அக்கவுண்ட்டுடன் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தையே பயன்படுத்தலாம். ஜிமெயில், போட்டோஸ் ஆகியவையும் இதே 15 ஜி.பி.யைத்தான் பங்கு போட்டுக் கொள்கின்றன என்பதை மறக்க வேண்டாம். எனவே முதலில் மிக முக்கியமான பைல்களை மட்டும் ஒரு போல்டரில் சேர்த்து, அதை பேக்கப் எடுப்போம்.

ஐந்து படிகள்

டூப்ளிகாட்டியின் சொந்தத் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். இயக்கினால் தனி விண்டோவாக வராமல், உங்கள் பிரவுசரிலேயே இதன் பக்கம் திறக்கும். அதில் "ஆட் பேக்கப்" என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய பேக்கப் ஒன்றைத் தொடங்கவும். பதிப்புக்குப் பதிப்பு பட்டன்களின் தோற்றம் சற்று மாறலாம்.

1. ஜெனரல்: பேக்கப்பிற்கு ஒரு பெயர் கொடுக்கவும். என்கிரிப்ஷன் என்ற இடத்தில் ஏ.இ.எஸ். 256 என்பதைத் தேர்ந்தெடுத்து, பாஸ்பிரேஸ் எனப்படும் நீளமான பாஸ்வேர்டைத் தரவும். உங்கள் பைல்கள் கம்ப்யூட்டரை விட்டுக் கிளம்பும் முன்பே பூட்டப்பட்டு விடும். சர்வரை வைத்திருப்பவர்களாலும் படிக்க முடியாது. இந்த பாஸ்பிரேஸை மறந்தால் யாராலும், டூப்ளிகாட்டியை எழுதியவர்களாலும்கூட, பைல்களை மீட்க முடியாது. இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள்.

2. டெஸ்டினேஷன்: கூகுள் ட்ரைவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, போல்டர் பெயர் ஒன்றைத் தரவும். "ஆத் ஐடி" என்ற லிங்க்கில் கிளிக் செய்தால் கூகுளில் லாக் இன் செய்யும்படி கேட்கும். அனுமதி கொடுத்த பின் "டெஸ்ட் கனெக்ஷன்" பட்டனை அழுத்தி, இணைப்பு சரியாக உள்ளதா எனச் சோதித்துக் கொள்ளவும்.

3. சோர்ஸ் டேட்டா: எந்த போல்டர்களை அனுப்ப வேண்டும் என்று டிக் செய்திடவும். விண்டோஸ், புரோகிராம் பைல்ஸ் போல்டர்கள் தேவையில்லை. அவற்றை மீண்டும் இன்ஸ்டால் செய்து கொள்ளலாம்.

4. ஷெட்யூல்: தினமும் ஒரு நேரத்தைத் தரவும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஆப் ஆகி இருந்தால், அடுத்த முறை ஆன் செய்ததும் விட்டுப்போன வேலையை அது முடித்து விடும்.

5. ஆப்ஷன்ஸ்: இங்கே ரிடென்ஷன் என்பதில் "ஸ்மார்ட்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கடந்த 7 நாட்களுக்கு நாளுக்கு ஒன்று, 4 வாரங்களுக்கு வாரத்திற்கு ஒன்று, 12 மாதங்களுக்கு மாதத்திற்கு ஒன்று எனப் பதிப்புகள் இருக்கும். மற்றவை நீக்கப்பட்டு இடம் மிச்சமாகும். பின்னர் சேவ் செய்து, "ரன் நவ்" கொடுக்கவும்.

கூகுள் ட்ரைவைத் திறந்து பார்த்தால் உங்கள் போட்டோக்கள் தெரியாது. புரியாத பெயர்களில் 50 எம்.பி. அளவுள்ள பைல்கள் வரிசையாக இருக்கும். அவைதான் உங்கள் பைல்கள், பூட்டிய நிலையில். இடத்தை அடைக்கிறதே என்று அவற்றில் ஒன்றை அழித்தால்கூட பேக்கப் கெட்டுவிடும்.

முதல் முறை எவ்வளவு நேரம் ஆகும்?

இன்டர்நெட் வேகத்தை பிட் கணக்கிலும், பைல் அளவை பைட் கணக்கிலும் சொல்கிறார்கள். ஒரு பைட் என்பது 8 பிட். உங்கள் அப்லோட் வேகம் 10 எம்.பி.பி.எஸ். என்றால், நொடிக்குச் சுமார் ஒன்றேகால் எம்.பி. போகும். அந்த வேகத்தில் 10 ஜி.பி. அனுப்ப 2 மணி 15 நிமிடங்கள் ஆகும். அப்லோட் வேகம் 1 எம்.பி.பி.எஸ். என்றால் இதுவே 22 மணி நேரத்திற்கு மேல் ஆகும். கம்பெனி விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் டவுன்லோட் வேகம். நமக்கு இங்கே வேண்டியது அப்லோட் வேகம். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நாளொன்றுக்கு 2 ஜி.பி. என்று பேக் போட்டிருப்பவர்கள் முதல் பேக்கப்பைச் சிறு சிறு போல்டர்களாக, சில நாட்களில் முடிக்கலாம்.

பயப்பட வேண்டாம். இந்தச் சிரமம் முதல் முறை மட்டுமே. அதன் பின் மாறிய பகுதிகள் மட்டுமே போகும். ஒரே போட்டோ இரண்டு போல்டர்களில் இருந்தாலும் ஒரு முறைதான் சேமிக்கப்படும்.

மீட்டுப் பார்த்தால்தான் பேக்கப்

இதுவரை செய்தது பாதி வேலை. பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திக் கொள்கிறார்கள். பச்சை நிற டிக் ஒன்று தெரிகிறது, எல்லாம் நலம் என்று இருந்து விடுகிறார்கள்.

கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைப் பாருங்கள். இரவு நேரத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்ததால் சுமார் 300 ஜி.பி. டேட்டாபேஸ் அழிந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி பேக்கப் எடுக்க வேண்டிய புரோகிராம், டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தோல்வியடைந்து கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் இமெயில்களும் போய்ச் சேரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பேக்கப் முறைகள் வைத்திருந்தும் அவை கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக எடுத்து வைத்திருந்த காப்பிதான் காப்பாற்றியது. கம்ப்யூட்டரே தொழிலாக உள்ள இடத்திலேயே இப்படி என்றால், வீட்டில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! என் போன்ற பொறியாளர்கள் பேக்கப் எடுத்ததை நம்புவதில்லை. மீட்டதைத்தான் நம்புகிறோம்.

முதல் சோதனை: டூப்ளிகாட்டியில் "ரீஸ்டோர்" கிளிக் செய்து, உங்கள் பேக்கப்பையும் தேதியையும் தேர்ந்தெடுக்கவும். ஒரு போட்டோ, ஒரு வேர்ட் பைல் ஆகியவற்றை மட்டும் டிக் செய்திடவும். எங்கே மீட்க வேண்டும் என்ற கேள்விக்கு, பழைய இடத்தைத் தராமல் டெஸ்க்டாப்பில் ஒரு புதிய போல்டரைத் தரவும். வந்த பைல்களைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, படம் முழுதாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது சோதனை: இதை வேறொரு கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த, சில பேக்கப் சாப்ட்வேர்கள் அதே கம்ப்யூட்டரில் இருக்கும் பைலிலிருந்தே தேவையான பகுதிகளை எடுத்துக் கொள்ளும். அப்போது சர்வரில் உள்ள காப்பி நன்றாக இருக்கிறதா என்பது தெரியாது. மேலும் உங்கள் கம்ப்யூட்டர் அடியோடு பழுதானால், அதில் இருந்த டூப்ளிகாட்டியும் அதன் செட்டிங்குகளும் சேர்ந்தே போய்விடும். நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் டூப்ளிகாட்டியை இன்ஸ்டால் செய்து, ரீஸ்டோர் பக்கத்தில் பேக்கப் பைல்களிலிருந்து நேரடியாக மீட்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். அது மூன்று விவரங்களைக் கேட்கும்: எந்த அக்கவுண்ட், எந்த போல்டர், என்ன பாஸ்பிரேஸ். இந்த மூன்றும் உங்கள் கையில் இருந்து, ஒரு போட்டோ திரையில் தெரிந்தால், இனி உங்களிடம் பேக்கப் இருக்கிறது என்று சொல்லிக் கொள்ளலாம். சோதனை முடிந்ததும் அந்தக் கம்ப்யூட்டரில் லாக் அவுட் செய்து, மீட்ட பைல்களையும் டூப்ளிகாட்டியையும் நீக்கி விடவும்.

ரேஷன் கார்டு பக்கத்தில் ஒரு தாள்

அந்த மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, பத்திரம், ரேஷன் கார்டு வைக்கும் கவரில் வையுங்கள். அதே தாளின் இன்னொரு காப்பியை ஊரில் உள்ள அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்து வையுங்கள். போன் தொலைந்தால் ஓ.டி.பி. வராது. எனவே கூகுள் அக்கவுண்ட்டின் செக்யூரிட்டி பகுதியில் கிடைக்கும் பேக்கப் கோட்களையும் பிரிண்ட் எடுத்துச் சேர்த்து விடுங்கள். குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்தத் தாள் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொள்பவர் ஊரில் இல்லாதபோதுதான் பைல்கள் தேவைப்படும்.

இன்டர்நெட்டில் உள்ள காப்பியை மட்டும் நம்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். நிறுவனங்கள் சேவையை நிறுத்துவதும் உண்டு. கிராஷ்பிளான் நிறுவனம் வீட்டு உபயோகத்திற்கான சேவையை நிறுத்துவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்து, 2018 அக்டோபரில் நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாத தனிநபர் அக்கவுண்ட்களை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. கம்ப்யூட்டரில் ஒன்று, டிராயரில் உள்ள டிஸ்க்கில் ஒன்று, வெளியே ஒன்று என மூன்று காப்பிகள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பைலைத் தேர்ந்தெடுத்து, மீட்டு, திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். இந்த மாதம் எந்தப் பைல் என்று முடிவு செய்வதை வீட்டுக் குழந்தைகளிடமே விட்டுவிடலாம்.