கறவைப் பசுவின் கீற்றோன் நோயைக் கொட்டிலிலேயே கண்டறிதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நெல்லும் வெங்காயமும் மிளகாயும் செய்யும் கமக்காரர் பலர் வீட்டு வளவில் ஓரிரு கறவைப் பசுக்களையும் வளர்க்கின்றனர். பசுவின் எரு தோட்டத்துக்கு உரமாகின்றது. பயிர் விலைப்படாத மாதங்களில் பாற்பணமே வீட்டுச் செலவைத் தாங்குகின்றது. இத்தகைய குடும்பத்தில், நன்றாகக் கறந்த பசு கன்று ஈன்ற சில வாரங்களுள் மெலிந்து பால் குறையுமாயின் இழப்புப் பெரிது. அவ்வாறு மெலியச் செய்யும் நோய்களுள் ஒன்று கீற்றோன் நோய். இஃது ஒரு பசுவிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதன்று. காலத்திற் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. ஆயினும் நோயுற்ற பசு நிற்கும், நடக்கும், வைக்கோலும் தின்னும். ஆதலால் பலர் அதனை நோயென்றே கருதாது நாட்கழிப்பர்.

நோய் உண்டாகும் விதம்

ஒரு இலீற்றர் பாலில் ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் வரை பால்வெல்லம் உண்டு. நாளொன்றுக்குப் பத்து இலீற்றர் கறக்கும் பசு ஏறக்குறைய அரைக் கிலோ வெல்லத்தைப் பாலில் வெளியேற்றுகின்றது. இவ்வளவு வெல்லத்தையும் தீனியின் சத்திலிருந்து அதன் உடலே ஆக்கவேண்டும். கன்று ஈன்ற முதல் வாரங்களிற் பால் விரைவாகப் பெருகும். பசி அவ்வளவு விரைவாகப் பெருகாது. குறையை நிரப்பப் பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கின்றது. கொழுப்பு அளவுக்கு மிஞ்சிக் கரையும்போது ஈரலில் அசற்றோன் முதலிய கீற்றோன் பொருள்கள் தோன்றி இரத்தத்திலும் பாலிலும் சிறுநீரிலும் கலக்கின்றன. இவை மிகுந்தால் பசி மேலும் குன்றும். பசி குன்றினால் கொழுப்பு மேலும் கரையும். ஆகவே நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

குறைவாகக் கறக்கும் உள்ளூர்ப் பசுக்களில் இந்நோய் அரிது. யேர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்களில், அவற்றுள்ளும் மிகுதியாகக் கறப்பவற்றிலும் ஈனும்போது மிகக் கொழுத்திருந்தவற்றிலும், இது கூடுதலாகக் காணப்படும். கன்று ஈன்றபின் முதல் ஆறு வாரங்களே கவனிக்கவேண்டிய காலம். தை, மாசி மாதங்களில் ஈனும் பசுவின் இக்காலம் அரிவு வெட்டும் சூடு மிதிப்பும் நடைபெறும் நாட்களோடு பொருந்துவதால், வயல் வேலையிடையே கொட்டிலை மறத்தல் கூடாது.

கண்ணாற் காணும் குறிகள்

1. பசு முதலிற் பிண்ணாக்கையும் தவிட்டையும் ஒதுக்கும். வைக்கோலையும் குழையையும் தின்னும். இதுவே முந்திய குறி.
2. சில நாட்களிற் பால் குறையும். உடல் விரைவில் மெலியும்.
3. சாணம் இறுகி, உலர்ந்து, மேலே பளபளப்புடன் காணப்படும்.
4. மூச்சிலும் பாலிலும், கனிந்த பழம் போன்றோ நகச்சாயம் அகற்றும் திரவம் போன்றோ இனிய நெடி வீசும். இந்நெடி எல்லோர் மூக்குக்கும் புலப்படாது. ஆதலால் நெடி இல்லையெனக் கூறி நோயில்லையென முடிவு செய்யலாகாது.
5. சில பசுக்கள் சுவரையும் கட்டையையும் ஓயாது நக்கும், வட்டமிடும், தள்ளாடும், கதறும். விசர் நோயிலும் இத்தகைய குறிகள் தோன்றக்கூடுமாதலால் அத்தகைய பசுவின் வாயினுள் கை விடாது உடனே வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும்.

இந்நோயிற் காய்ச்சல் இராது. பசுவின் இயல்பான உடற்சூடு ஏறக்குறைய 101.5 பாகை பரனைற்று, அதாவது 38.6 பாகை செல்சியசு. காய்ச்சல் காணின் உண்ணிக் காய்ச்சல், மடிவீக்கம், கருப்பை அழற்சி முதலிய வேறு நோய் உண்டென்று கொள்ளவேண்டும். அந்நோய்களாற் பசி கெட்டு, அதன்வழிக் கீற்றோன் நோய் தொடர்வதும் உண்டு.

சிறுநீர்ச் சோதனை

குறிகள் வெளிப்படுமுன்னரே கீற்றோன் பொருள்கள் மிகுவது உண்டு. இம்மறைவான நிலையிலும் பால் குறையும். அடுத்த சினை பிந்தும். இதனைக் கண் காட்டாது, சோதனையே காட்டும். 1908 ஆம் ஆண்டில் றொதேரா என்னும் அறிஞர் விளக்கிய நிறமாற்றச் சோதனை இன்றும் பயன்படுகின்றது. வெள்ளைப் பீங்கானில் அச்சோதனைத் தூளைச் சிறிது வைத்து, புதிய சிறுநீரில் இரண்டு மூன்று துளி விடவேண்டும். ஊதா நிறம் தோன்றின் கீற்றோன் உண்டு. நிறம் கடுமையாயின் அளவும் மிகுதி. நீரிழிவு நோயாளருக்காக மருந்துக் கடைகளில் விற்கப்படும் கீற்றோன் சோதனைக் கீற்றுகளையும் பயன்படுத்தலாம். பொதியிற் குறித்த நேரத்தில் நிறத்தை ஒப்பிடவேண்டும். ஈரம் பட்டனவும் காலங் கடந்தனவும் பிழை காட்டும்.

காலையிற் பசு எழுந்தவுடன் சிறுநீர் கழிப்பதுண்டு. அப்போது சுத்தமான பாத்திரத்தில் ஏந்தலாம். அன்றேல் யோனிக்குக் கீழே மெதுவாகத் தடவினாற் கழிக்கும். கன்று ஈன்ற மூன்றாம் நாள் முதல் மூன்று வாரங்களுக்கு வாரம் இருமுறையும், பின்னர் ஆறாம் வாரம் வரை வாரம் ஒருமுறையும் சோதித்தல் நன்று. கால்நடை வைத்தியர் கைக்கருவியில் ஒரு துளி இரத்தத்தை அளந்து மேலும் திருத்தமாகக் கூறுவர். இலீற்றருக்கு 1.2 மில்லிமோலும் அதற்கு மேலும் காணின் மறைவான நோய் உண்டெனக் கொள்வர்.

ஓர் அப்பியாசக் கொப்பியில் நாள்தோறும் காலைப் பால், மாலைப் பால், மிஞ்சிய தீனி, சாணத்தின் நிலை, சோதனை முடிவு ஆகியவற்றை எழுதி வருக. வைத்தியருக்கு இக்கொப்பியே சிறந்த சாட்சி.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

நிறம் மாறினாலோ, பசு ஒரு நாள் முழுதும் பிண்ணாக்கை ஒதுக்கினாலோ அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். வைத்தியர் குளுக்கோசை நாளத்தில் ஏற்றுவர். புரொப்பிலீன் கிளைக்கோல் என்னும் மருந்தைச் சில நாள் வாய்வழி கொடுக்கச் சொல்வர். அதனைப் பருக்கும்போது தலையை மிக உயர்த்தலாகாது. பசு இருமினால் உடனே நிறுத்துக. இன்றேல் மருந்து சுவாசப்பையிற் புகும்.

பனங்கட்டியையோ சீனியையோ கரைத்துப் பருக்குவதாற் பயன் சிறிது. பசுவின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அவ்வினிப்பைப் புளிக்கச் செய்துவிடும். அது வெல்லமாக இரத்தத்தைச் சேராது. அளவு மிஞ்சின் வயிறு புளித்துக் கேடு விளையும். நாவூறு என்று எண்ணிக் காத்திருப்பதும் பால் வற்றுவதற்கே வழியாகும்.

வருமுன் காத்தல்

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னர்க் கறவையை நிறுத்துக. அக்காலத்திற் பசுவை மிகக் கொழுக்கவும் மெலியவும் விடலாகாது. ஈனுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் பிண்ணாக்கும் தவிடும் சிறுகச் சிறுகத் தொடங்குக. ஈன்றபின் பசி பெருகப் பெருகத் தீனியைக் கூட்டுக, திடீரென மாற்றற்க. வெறும் வைக்கோல் கறவைப் பசுவுக்குப் போதாது. கினிப்புல், சீமைக்கிளுவைக் குழை முதலிய பசுந்தீனி நாள்தோறும் வேண்டும். நிழலில் எந்நேரமும் குடிநீர் இருத்தல் வேண்டும்.

பயிரின் இலையிற் பூச்சியை முதல் நாளிலேயே தேடிக் காணும் கமக்காரர், அதே கண்ணை ஆறு வாரம் கொட்டிலிலும் வைப்பாராயின் பசுவும் பாலும் காக்கப்படும்.